ரெண்டு சீட்டு, திருமயம் வரைக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வேகத்தடைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திட்டத் தெரிந்த ஒரே மனிதர், எங்கள் எதிர்வீட்டு ரெண்டு சீட்டார்தான். எது செங்குத்து, எது சரிவு, எதற்குப் பக்கத்தில் டயர் நுழைய இடம் இருக்கிறது எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. துபாயில் டவர் கிரேன் ஓட்டினார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரே ஒரு சீட்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பாதி ஆயுளை அங்கே கழித்துவிட்டு ஊருக்கு வந்தவர், தரையைத் தொட்டும் தொடாமலும் போகிற ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து நிறுத்தினார். பெங்களூரில் யாரோ ஒரு பணக்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"ரொம்பத் தங்கமான மனுசன் தம்பி" என்றார் ரெண்டு சீட்டார். அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம் என்று போகப் போகத்தான் எங்களுக்குப் புரிந்தது.

வண்டி வந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றது அவருடைய அக்கா. தெருவுக்கே பெரியக்கா. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா, பின்னாடி சீட்டு எங்க?"

"இல்லக்கா. ரெண்டே சீட்டுதான்."

"இம்புட்டுப் பணத்த வாங்கிக்கிட்டு சீட்டு வைக்காம ஏமாத்திப்புட்டானா?"

"மாடலே அப்படித்தாங்க்கா."

"அப்ப நான் எங்கிட்டு ஒக்கார்றது?"

ரெண்டு சீட்டார் என்னைப் பார்த்துச் சிரித்தார். காரணத்தைப் பிறகு சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றால் போதும், சொந்தக்காரர்கள் பையோடு வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. ரெண்டு சீட்டாருக்குக் கல்யாணமான புதிதில் திருமயத்துக்கு ஒரு வேன் பேசியிருக்கிறார். வேன் நிறைய சொந்தம். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில், மடியில் அக்கா பிள்ளைகள். புதுப்பெண் வசந்தா அண்ணி கடைசி சீட்டில், மடியில் புளியோதரைத் தூக்கு. அதற்குப் பிறகு லீவில் வந்த ஒவ்வொரு தடவையும் அதே கதை.

"ஒரு தடவையாச்சும் நாம ரெண்டு பேரு மட்டும் திருமயம் போயி, கோட்டை மேல ஏறிட்டு வரணுங்கன்னு போன்ல கேட்டா. அப்ப நான் கிரேன் மேல ஒக்காந்திருக்கேன். வேற எதுவுமே அவ கேட்டதில்ல தம்பி. சீட்டு இருந்தா, அக்காவ வராதன்னு சொல்ல எனக்கு வாய் வராது. சீட்டே இல்லன்னா?"

மறுத்துப் பேச முடியாத நியாயம். ஆனால் அந்த நியாயம் காருக்குப் புரியவில்லை.

முதல் ஓட்டத்திலேயே தெருமுனை வேகத்தடையில் முன்பக்க பம்பர் உரசி விரிசல் விட்டது. அதற்குப் பிறகு வேகத்தடை வந்தால் அண்ணி இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வார். ஆள் எடை குறைந்தால் கார் இரண்டு விரல்கடை தூக்குமாம்.

"கார்ல போறேன்னு பேரு, செருப்புத்தான் தேயிது" என்பார் அண்ணி.

திருவரங்குளம் போகிற வழியில் ஒரு பள்ளத்தில் டயர் வீங்கியது. மாற்றலாம் என்று தேடினால் வண்டியில் ஸ்டெப்னியே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பாட்டிலில் பசை வைத்திருந்தார்கள். அந்த டயர் சென்னையிலிருந்துதான் வரவேண்டும், அதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பத்து நாள் வண்டியை எடுக்காமல் வைத்தால் பேட்டரி செத்துப்போகும். மழைக்காலத்தில் எலி உள்ளே புகுந்து வயரைக் கடித்தது. வயரிங் மொத்தத்தையும் மாற்றச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு மாடியில் ஒரு ரூம் கட்டலாம். ஒரு ஹெட்லைட் விலைக்கு என் ஸ்கூட்டர் மாதிரி ரெண்டு வாங்கலாம். புதுக்கோட்டை கீழராஜ வீதி நெரிசலில் ஊர்ந்தால் கியர் பாக்ஸ் சூடாகி மஞ்சள் விளக்கு எரியும்.

"வித்துத் தொலைங்கண்ணே" என்று நான் கத்தாத நாள் இல்லை.

"திருமயம் போயிட்டு வந்து விப்போம் தம்பி."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். நான் ரெண்டு பலகையோடு ஸ்கூட்டரில் முன்னால் போய், ஊர் எல்லை வரை வேகத்தடைகளில் பலகை போட்டுத் தாண்டவைத்தேன். நல்ல ரோடு வந்ததும் கார் ஒரு உறுமல் உறுமிவிட்டுப் பறந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி டீ குடிப்பதற்குள் போன் வந்தது.

"தம்பி, கியர் பாக்ஸ் போயிருச்சு போல. உள்ள எல்லா லைட்டும் எரியிது, திருவிழா மாதிரி."

காரை ஏற்றிவர ஒரு லாரியைப் பிடித்தேன். விஷயம் கேள்விப்பட்ட பெரியக்கா எனக்கு முன்னால் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் தூக்குச்சட்டி.

"தம்பி நடுரோட்டுல நிக்கிறான், நான் வராம இருப்பனா? புளியோதரை எடுத்திருக்கேன்."

திருமயம் கோட்டை தூரத்தில் தெரிகிற இடத்தில், ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது. அதன் முன்னால் ரெண்டு சீட்டார் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணி முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் காரை ஏற்றிக் கட்டினார்.

"ரெண்டு பேரும் ஏறுங்க, நெருக்கி ஒக்காந்துக்கலாம்" என்றார் பெரியக்கா. "இம்புட்டுத் தூரம் வந்துட்டோம், எல்லாருமா கோட்டையப் பாத்துட்டே போயிருவோம்."

ரெண்டு சீட்டாரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வயரை எலி கடித்த அன்றுகூட அவர் அப்படி இடிந்துபோகவில்லை.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. திருமயத்தில் இருக்கிற என் ஆபீசுக்கு நான் தினமும் போகிற அதே பஸ்தான். கை காட்டுகிற இடமெல்லாம் நிற்கும். அதைத் திட்டாமல் ஒருநாள்கூட நான் ஆபீசில் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணி கையை நீட்டினார். பஸ் நின்றது.

"ஏங்க, வாங்க."

"காரு?"

"அது எங்கயும் போகாது. என்னைக்குப் போயிருக்கு? வாங்க!"

ரெண்டு சீட்டார் காரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். சாவியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

"ஏ, இருங்கப்பா, நானும் வாரேன்" என்று பெரியக்கா லாரியிலிருந்து ஒரு காலைக் கீழே விட்டார். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

"அக்கா, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பசி உசுரு போகுது."

பசி என்று கேட்டால் பெரியக்காவுக்கு உலகமே மறந்துபோகும்.

"அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கென்ன? எலை எடு" என்று அங்கேயே தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்.

பஸ் நகர்ந்தது. ரெண்டு பேர் உட்காருகிற சீட்டில், ஜன்னலோரம் அண்ணி, பக்கத்தில் அவர். அண்ணிக்கு இலவசம் என்பதால் ஒரு டிக்கெட்தான் எடுத்திருப்பார். அண்ணி கோட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய் நிறைய புளியோதரையோடு நான் கடவுளைக் கும்பிட்டேன்: இன்னைக்கு ஒருநாள் அந்த பஸ், கை காட்டுகிற இடமெல்லாம் நின்று நின்று மெதுவாகவே போகட்டும்.