அக்கினி தேவனின் ஆலய அறிவிப்புகள்

கற்பனை உலகத்துச் சாமிகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவர்களுடைய கோயிலுக்கு யாரும் கும்பிட வருவதில்லை. வாள், மந்திரம், பறக்கும் நாகம் என்று இருக்கிற எந்த கேமை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கோயில் என்று ஒன்று இருந்தால் அது இடிந்து கிடக்கும்; உள்ளே ஓர் எலும்புக்கூடு வாளோடு காத்திருக்கும். இடியாத கோயில் என்றால் ஒரே ஒரு பூசாரி நின்றுகொண்டு காயத்துக்கு மருந்து விற்பார். குழந்தை அழாது, யாரும் இரும மாட்டார்கள், முன்வரிசைக்குத் தகராறு வராது. சுருக்கமாகச் சொன்னால் அது கோயில் இல்லை, மெடிக்கல் ஷாப்.

இந்தக் குறையைத் தீர்க்கப் போய்த்தான் என் முதல் வேலையை நான் தொலைக்க இருந்தேன்.

டெல்லி ஓக்லாவில் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் புரொபேஷன் முடியும். இருப்பேனா, போவேனா என்று சொல்வார்கள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் மேலதிகாரி மனீஷ் சார் என் மேஜைக்கு வந்தார். அக்ராத் என்ற அக்கினி தேவனுக்கு ஒரு கோயில் வேண்டுமாம். பணம் போடப்போகும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அதைத்தான் டெமோ காட்டப்போகிறார்களாம்.

"தும் தோ மதராசி ஹோ! மந்திர் நீதான் செய்யணும். டெமோ ஓகே ஆச்சுன்னா உன் வேலையும் ஓகே" என்றார். தமிழர்கள் எல்லாரும் கோபுரத்தின் கீழேதான் பிறக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

என் பெயர் ஷீபா. அதிலேயே அவருக்கு விடை இருந்தது. நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அம்மா நர்ஸ், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிப்பவரும் அவரே. மயூர் விஹாரில் வளர்ந்த நான் அதுவரை ஒரு கோயிலுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் புரொபேஷனில் இருப்பவள் மேலதிகாரிக்குப் பாடம் எடுக்க முடியுமா? "அச்சா சார்" என்றேன். (அந்த அச்சாவை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

சும்மா சொல்லக்கூடாது, உழைத்தேன். நோட்டும் பேனாவுமாக ஆர்.கே.புரம் மலைக்கோயிலுக்குப் போனேன். செருப்பை விட்டேன், படியேறினேன், ஓர் ஓரமாக நின்று காத்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஆட்கள் வருகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், சுற்றுகிறார்கள், போகிறார்கள். பக்கத்தில் நின்ற மாமியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், ஆன்ட்டி?"

"எதுடீம்மா?"

"இதெல்லாம்."

"ஆரம்பிக்கறதாவது! நீ வந்துட்டியோல்லியோ, ஆரம்பிச்சாச்சு. நமஸ்காரம் பண்ணிண்டு கிளம்பு."

பிறந்ததிலிருந்து 'எழுந்து நிற்போம்', 'உட்காருவோம்' என்று வளர்ந்த எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்ததைக் கட்டினேன். வெளியே கோபுரம், வாசலில் செருப்பு வைக்கும் இடம். உள்ளே இரண்டு பக்கமும் பத்துப் பத்து பெஞ்சு. பூசாரி சாமியைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்து நிற்பார். அவர் பேச ஆரம்பித்ததும் கதவு மூடிக்கொள்ளும். பேசி முடித்தால்தான் திறக்கும். இது ஏன் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. பிரசங்கத்தின் நடுவே எழுந்து போனால் அம்மா பார்க்கிற பார்வை எனக்குக் கதவை விடக் கெட்டி.

"மந்திர்ல பெஞ்ச் ஏன்?" என்று மனீஷ் சார் ஒருநாள் கேட்டார்.

"சவுத்ல வேற மாதிரி சார்" என்றேன். நம்பிவிட்டார், பாவம்.

பூசாரியின் வாயசைவைச் சரிபார்க்க ஏதாவது ஒரு குரல் வேண்டியிருந்தது. கம்பீரமான நடிகர் ஒருவர் 'எழுக, வீரனே!' என்று பேசிப் பத்து நொடி ஆசீர்வாதம் அனுப்புவதாக இருந்தார். அது வர நாளானது. அதுவரைக்கும் போதும் என்று, சனிக்கிழமை சமையலறையில் மறுநாள் அறிவிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை போனில் பதிவு செய்து பூசாரியின் வாயில் வைத்தேன். நான்கு நிமிடம் ஓடியது. நடிகரின் குரல் வந்ததும் பொறுப்பாக மாற்றியும் விட்டேன். என்ன, என் கம்ப்யூட்டரில் மாற்றினேன். டெமோ ஓடியது மனீஷ் சாருடையதில்.

டெமோ நாள். வெளிநாட்டிலிருந்து வந்த அம்மையார் தாமே கன்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் அவர்களுடைய பெங்களூர் அலுவலகத்திலிருந்து செந்தில் என்று ஒருவர். பெயரைக் கேட்டபோது நம்ம ஊர்க்காரர் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

வீரன் கோயிலுக்கு வந்தான். இரும்புக் காலணிகளைக் கழற்றி வைத்தான். அம்மையார் சிரித்தார், மனீஷ் சார் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். வீரன் பெஞ்சில் உட்கார்ந்தான். கதவு மூடியது. ஏழடி உயரம், நெருப்புத் தாடி, கையில் சூலத்தோடு பூசாரி எழுந்து நின்று வாயைத் திறந்தார்.

"அன்பானவங்களே, மூணு அறிவிப்பு இருக்கு."

அம்மாவின் குரல்!

"முதலாவது, வார ஞாயித்துக்கெழம பெண்கள் கூட்டம். போன தடவ மாதிரி எல்லாம் முடிஞ்ச பொறவு வந்து நிக்காதீங்க."

அம்மையார் தாண்டிப் போகிற பொத்தானை அழுத்தினார். நான் அப்படி ஒரு பொத்தானே வைக்கவில்லை. வீரன் எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினான். வாளை உருவி வெட்டினான். கதவு அசையவில்லை.

"ரெண்டாவது, அசன விருந்துக்கு வந்தப்ப என் அஞ்சடுக்கு டிபன் டப்பாவ ஒருத்தர் வாங்கிட்டுப் போனீங்க. இன்னும் வரல. யாருன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்ல மாட்டேன்."

பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. பூசாரி சூலத்தை உயர்த்தினார். மனீஷ் சாரின் முகம் வெளுத்தது. தினமும் மதியம் நான் வீட்டுக்கு போன் பேசுவதைக் கேட்டவர் ஆயிற்றே, இது தமிழ் என்று ஓசையிலேயே பிடிபட்டுவிட்டது. செந்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிற்று. இவர் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போச்சு. செய்யாத ஜெபமில்லை நான்.

"மூணாவது, ஆராதன முடிஞ்சதும் ஒருத்தரும் ஓடிராதீங்க. கறிச்சோறு இருக்கு. இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும். ஏட்டி ஷீபா, அந்த அடுப்ப அமத்து!"

கதவு திறந்தது.

அம்மையார் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "இந்த மொழியை யார் உருவாக்கினார்கள்?" என்று கேட்டார்.

"எங்க அம்மா" என்றேன். பொய் சொல்லக்கூட மூளை ஓடவில்லை.

அம்மையார் செந்தில் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்.

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுவரை நான் பார்த்த கேம் கோயில் எல்லாம் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். இங்கே நிஜமாகவே ஒரு சபை கூடியிருக்கிறது. பூசாரிக்கு ஜனங்களைத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டார்: "ஏங்க, அந்த டிபன் டப்பா கடைசியில கெடச்சுதா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. தமிழ் என்று தெரிந்த பிறகும் அம்மையார் அந்தக் குரல்தான் வேண்டும் என்றார்; கதவை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் திறக்கச் சொன்னார். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. மனீஷ் சார் கேட்டது ஒரே கேள்வி: "சவுத்ல எல்லா மந்திர்லயும் குக்கர் உண்டா?"

மிச்சமிருந்தது அம்மாவின் சம்மதம். டெமோவை விட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

"ஏட்டி, எந்தச் சாமிக்கு?" என்றார் அம்மா.

"அப்படி ஒரு சாமியே கிடையாதும்மா. கற்பனை."

"இல்லாத சாமிக்கு நான் எதுக்கு அறிவிப்பு வாசிக்கணும்?" என்றவர் சற்று யோசித்தார். "வாரவங்கல்லாம் உக்காந்து கேக்காங்களா?"

"கதவு பூட்டியிருக்கும்மா. கேட்டுத்தான் ஆகணும்."

அம்மா பெருமூச்சு விட்டார். "நம்ம சபையில அந்த வசதி இல்லியே" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது.

கேம் வெளிவந்த இரண்டாவது வாரம், ஒரு காலையில் எங்கள் பிளாட் வாசலில் ஒரு பை இருந்தது. உள்ளே அம்மாவின் அஞ்சடுக்கு டிபன் டப்பா, பளபளவென்று தேய்த்துக் கழுவியபடி. எங்கள் சபையில் எந்த வீட்டுப் பிள்ளை அந்த கேமை விளையாடியதோ, யாருக்குத் தெரியும்? 'யாருன்னு எனக்குத் தெரியும்' என்று நெருப்புத் தாடியோடு ஒருவர் சொன்னால் எந்த மனச்சாட்சிதான் தாங்கும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த டப்பாவுக்கு அக்கினி தேவனின் பெயர்தான். இன்று காலைகூட, மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை அம்மா வழிமறித்தார்.

"ஏட்டி, அக்ராத்துல எலுமிச்சஞ்சோறு வச்சிருக்கேன். சாயங்காலம் மறக்காம திருப்பிக் கொண்டுட்டு வா."