சாவியை எடுத்த பிறகும்

சாவி ஈஸ்வரமூர்த்தியின் கையில் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் சாவியைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். மறுபடி சாவியைப் போட்டு, திருப்பி, உருவினான். இன்ஜின் அதைச் சட்டை செய்யவில்லை. முதலமடை மாந்தோப்பில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ஆளில்லாத வண்டி ஷெட்டுக்குள் நின்று உறுமியது.

"ஏனுங்க, நிறுத்தலீங்களா?" ஷெட் வாசலில் நின்றபடி கேட்டாள் நாச்சம்மாள்.

"கொஞ்சம் சூடாகட்டுங்க அம்மிணி," என்றான் அவன்.

அது அவள் கணவர் காளிச்சாமியின் வண்டி. எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய சீமைக்கார். கூரையை வெட்டி, பின் சீட்டைப் பிடுங்கி, இன்ஜினைப் பெரிதாக்கி, மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டி மூன்றாம் பரிசு வாங்கியவர். ஓட்டும் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். பக்கத்து சீட்டில் மனைவியைக்கூட ஏற்றியதில்லை, எடை கூடிவிடுமாம். ஏழு மாதத்துக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

காரியங்கள் முடிந்த மறுமாதமே நாச்சம்மாள் கொல்லங்கோட்டுக்குப் போய்க் கார் ஓட்டப் பழகினாள். இந்தச் சனிக்கிழமை பந்தயத்துக்குப் பேரும் கொடுத்துவிட்டாள். அது எழுபத்தைந்தாம் வருடம்; அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ததில்லை. வண்டி எங்கே நிற்கும், எங்கே சிரிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். பழைய டைனமோவோ கொண்டை ஊசி வளைவில் மெதுவாகப் போனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. அதை மாற்றத்தான் கஞ்சிக்கோட்டில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தியை வரவழைத்திருந்தாள்.

அவன் கொண்டுவந்தது, மெதுவாகப் போனாலும் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். கரண்டை அளந்துவிடும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருந்தது. தனிப் பெட்டி வேண்டாம், இனி இந்த வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். அப்படி ஒன்றைத் தான் தொடுவது இதுதான் முதல் தடவை என்பதைச் சொல்லவில்லை.

டைனமோவை இறக்கினான். புதியதை ஏற்றினான். பழைய ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றி வீசினான். தடித்த ஒயரை ஸ்டார்ட்டரில் முறுக்கினான். வழக்கமாகப் பறக்கும் பொறி ஒன்றுகூடப் பறக்கவில்லை, அதைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டான். மெல்லிய ஒயரை டேஷ்போர்டின் சிவப்பு விளக்குக்குக் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

இப்போது விடமாட்டேன் என்கிறது.

அவசரத்தில் ஒரு ஒயரைப் பிடுங்கினான். அது வேறு ஒயர். ஹாரன் அலற ஆரம்பித்தது. தோப்பிலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். சுரீரென்று ஒரு அடி விழுந்து, பின்னாலிருந்த மாங்காய்க் கூடைக்குள் போய் உட்கார்ந்தான்.

கடைசியாக, யாரும் உட்காராத அந்தச் சீட்டில் ஏறினான். பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டு கிளட்சை விட்டால் எந்த இன்ஜினும் திணறி நின்றுவிடும். இது திணறவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே வெளியே பாய்ந்தது, கிணற்றைச் சுற்றியது, மாங்காய்க் குவியலை ஒட்டித் திரும்பியது, மறுபடி ஷெட்டுக்குள் வந்து பழைய இடத்திலேயே நின்றது. கியர் நியூட்ரலில் இருந்தது. இன்ஜின் ஓடியது. ஸ்டீயரிங்கைத் தான் பிடிக்கவே இல்லை என்பதை ஈஸ்வரமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை. இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டான்.

நாச்சம்மாள் உள்ளே வந்தாள். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, முதல் முறையாக அதில் உட்கார்ந்தாள். காலி சீட்டைப் பார்த்துப் பேசினாள்.

"சனிக்கெழமை நாந்தானுங்க ஓட்டப் போறேன். உங்களுக்குப் புடிக்காதுன்னு தெரியும். வேணும்னா பக்கத்துல உக்காந்துட்டு வாங்க. இப்ப நிறுத்துங்க."

இன்ஜின் நின்றது. ஹாரனும் நின்றது.

ஈஸ்வரமூர்த்தி தூணை விட்டு இரண்டடி பின்வாங்கினான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழு மாதமாக இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்ததாகச் சொன்னாள்.

ஆனாலும் அவன் எலக்ட்ரீசியன். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டான். கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். சிவப்பு விளக்கின் பல்பு எப்போதோ போயிருக்கிறது. யாரோ பல்பை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டிருக்கிறார்கள். சாவியை எடுத்தாலும் ஆல்டர்னேட்டரின் கரண்ட் அந்த வழியாகத் திரும்பி வந்து இன்ஜினுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. அவள் உட்கார்ந்த அசைவில் முறுக்கு விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான்.

புது பல்பு போட்டான். வண்டியைக் கிளப்பினான், சாவியை எடுத்தான், நின்றது. மூன்று முறை செய்து காட்டினான். முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது.

நாச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப அது அவரு இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மிணி. வெறும் கரண்டுங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவனுக்கு மோர் கொண்டுவருவதற்காக மெதுவாக நடந்தாள். அவள் புருஷனை இரண்டாம் முறை தானே கொன்றுவிட்டது போல அவனுக்கு இருந்தது.

அப்போது தோப்பு வேலைக்காரர் குப்பண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்த பெரிய பாரத்தை அவிழ்த்து, மூச்சு வாங்க, ஷெட் வாசலில் இறக்கி வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க, நேரமாயிப் போச்சுங்க. டிக்கியில இருந்த பேட்டரிய நேத்தே கழட்டிக் கொல்லங்கோட்டுல சார்ஜுக்குப் போட்டிருந்தனுங்க. இனி இத மாட்டிட்டு, வண்டியக் கெளப்பிப் பாத்துக்குங்க."