மரத்தடி ஜட்ஜும் காளிமுத்து வழக்கும்

மலாயாவின் ஈப்போ நகரில் அவரைப்போல் வழக்குத் தோற்றவர் எவரும் கிடையாது. இத்தனைக்கும் அவர் வக்கீல் இல்லை, கோர்ட் வாசலில் வறுகடலை விற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்த வாசலை மிதித்த தமிழர் அத்தனை பேரும் அவரை அறிவார்கள். பெயர் என்னவென்று கேட்டால்தான் விழிப்பார்கள். 'மரத்தடி ஜட்ஜு' என்றால் உடனே கை காட்டுவார்கள்.

நான் அப்போது எதிர்ச்சாரியில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, தோட்டத்து ஆட்கள் வாயில் 'கிராணி'. எங்கள் முதலாளியைத் தேடி வந்தவர்கள் காரில் வந்தவர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுக்கிறவர்களுக்கு மரத்தடிதான் கதி.

மரத்தடி ஜட்ஜின் சட்டப் படிப்பு பத்து காஜா என்ற ஊரின் சிறையில் நடந்தது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், செய்யாத குற்றத்துக்காக அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் "செய்தாயா?" என்று கேட்க, இவர் "ஆமாங்க தொரை" என்று கும்பிட்டார். துரை எது கேட்டாலும் ஆமாங்க என்று சொல்லித்தானே பழக்கம்? கொட்டுகிற மழையில் வெயில் அடிக்கிறதா என்று கேட்டாலும் ஆமாங்கதான். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதி, விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்தவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. கோர்ட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் கடலைக் கூடையை இறக்கினார். எங்கிருந்தோ பழைய துரைத் தொப்பி ஒன்றைச் சம்பாதித்தார். வழக்குக்கு வரும் தோட்டத்து ஆட்களை எதிரே நிற்கவைத்து, தொப்பியை மாட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் அமர்ந்து விசாரணை நடத்துவார். 'இல்லைங்க' என்ற ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பதே அவர் வாழ்க்கையின் லட்சியம்.

பலனைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடிதடி வழக்கில் வந்த ஒருவரிடம், "கூனாத, நெஞ்ச நிமித்தி நில்லு" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்த நிமிர்வைப் பார்த்த மாஜிஸ்திரேட், இவன் அடித்துத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். இன்னொருவரிடம், "தொரை கண்ணப் பாத்துப் பேசு" என்றார். அவர் கண்ணைப் பார்த்தார், பேச்சு மறந்துபோனது. இருவரும் பத்து காஜாவுக்குப் போனார்கள்.

காளிமுத்து வந்தது அதற்குப் பிறகு. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டம். லயத்து வரிசை வீட்டில் அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் பால், அகப்பட்டதாக வழக்கு. மூட்டையை அங்கே வைத்தது கங்காணியின் மச்சான். அதைக் கண்ணால் பார்த்தவர் தண்ணீர் தூக்கும் வீராசாமி. அவர் சாட்சி சொல்ல வந்திருந்தார், அதுவே பெரிய அதிசயம். காளிமுத்துவின் மனைவி அஞ்சலை பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் உள்ளே போனால் லயத்து வீட்டை அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

உறவுக்காரர் ஒருவர் ஜாமீன் நின்றதால் காளிமுத்து வெளியே இருந்தான். ஒத்திகை தொடங்கியது.

"ஒட்டுப்பால நீ திருடினியா?"

"ஆமாங்க தொரை."

"அட பாவி, நெசமாவே திருடினியா?"

"ஐயோ, இல்லண்ணே. மாரியாத்தா மேல சத்தியமா."

"அப்புறம் ஏன்யா ஆமாங்குற?"

"தொப்பி போட்டுக்கிட்டுக் கேக்குறீங்க. இல்லைன்னு எப்படிண்ணே சொல்றது?"

தொப்பியைக் கழற்றினால் 'இல்லை', மாட்டினால் 'ஆமாங்க'. ஜட்ஜு தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில், "இங்க பாரு, அவுங்க என்ன கேட்டாலும் இல்லைங்கன்னு சொல்லு. வேற ஒன்னும் யோசிக்காத" என்று தீர்ப்புச் சொன்னார். விசாரணை நாளன்று காளிமுத்து அந்தச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே படியேறினான். எங்கள் ஆபீஸ் காகிதக் கட்டு ஒன்றைக் கொடுக்க நானும் உள்ளே போயிருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் சுத்தத் தமிழில் கேட்டார். "ஒட்டுப்பால் திருடிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"இல்லைங்க தொரை."

கணீரென்று வந்தது. பின் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த மரத்தடி ஜட்ஜு என் தொடையில் ஓங்கித் தட்டினார். காளிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். அடுத்து கங்காணி சாட்சி சொல்லி முடித்தார்.

"இவரிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாயா?"

"இல்லைங்க தொரை."

ஜட்ஜின் கை என் தொடைமேலேயே நின்றுவிட்டது.

"உன் தரப்பில் சாட்சி உண்டா?"

"இல்லைங்க தொரை."

"நீயாவது ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

"இல்லைங்க தொரை."

சட்டம் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டது. அவன் ஒவ்வொன்றையும் மரியாதையாகச் சாத்தினான். ஒவ்வொரு தடவையும் எங்களைத் திரும்பிப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்று கண்ணால் கேட்டான். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மரத்தடி ஜட்ஜு எழுந்து கத்தினார். "தொரை, சாட்சி இருக்காருங்க. வெளிய நிக்கிறாருங்க."

மாஜிஸ்திரேட் கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூண்டில் இருந்தவனையே கேட்கும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். "அந்த ஆள் சொல்வது உண்மையா?"

"இல்லைங்க தொரை" என்றான் காளிமுத்து.

மூன்று மாதம் சிறை. வாசலில் வீராசாமி கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்தது மரத்தடி ஜட்ஜின் முறை. கோர்ட்டில் கூச்சல் போட்டாயா என்று கேட்டார்கள். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன மனிதர் கை கட்டி, தலை குனிந்து, "ஆமாங்க தொரை" என்றார். அபராதம், கட்டாவிட்டால் ஒரு வாரம் சிறை.

சின்ன அபராதம்தான். அன்றைக்குத்தான் சம்பளம் வாங்கியிருந்தேன். ஓடிப்போய், போலீஸ் மாத்தா பக்கத்தில் நின்றவரிடம், "நான் கட்டுறேண்ணே" என்றேன்.

"வேணாம் கிராணியாரே. அந்தக் காச அஞ்சலைக்குக் குடுங்க. சித்தியவான்ல அண்ணன் இருக்கானாம், போய்ச் சேரட்டும்."

"நீங்க?"

"நான் கூடப் போறேன். காளிமுத்துக்கு ஜெயிலு புதுசு. அங்கயும் எல்லாத்துக்கும் இல்லைங்க, இல்லைங்கன்னு நிப்பான். சோறு வேணுமான்னு கேட்டா என்னா பண்ணுவான்?"

விலங்கு மாட்டிய கையால் காளிமுத்துவின் தோளைத் தொட்டபடி வண்டியில் ஏறினார். அஞ்சலை அழாமல் நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பெரிய வக்கீல்கள் பலரை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். ஆனாலும் நாளைக்கு என்னைக் கூண்டில் ஏற்றினால், தோற்பது உறுதி என்று தெரிந்தே அவரைத்தான் தேடிப் போவேன்.