இடியன் துவக்கும் சிஞ்ஞோராவின் ரோமக் கோட்டும்

நான் வாழ்க்கையில் ஒரு கரடியையும் சுட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பிழைக்கப் போன இத்தாலிய ஊரான பகேரியாவில் சிலர் வேறுவிதமாக நம்புகிறார்கள்.

அங்கே ஒரு பழைய மாளிகையில் தோட்ட வேலையும் வீட்டு வேலையும் பார்த்து வந்தேன். முதலாளி ஓய்வுபெற்ற வக்கீல். ஒருநாள் தன் பாட்டனாரின் துவக்கை எடுத்துக் காட்டினார். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற சாமான். வன்னியில் நாங்கள் இடியன் என்போம்.

"இப்பிடி ஒண்டாலைதான் சிஞ்ஞோரே, நான் ஊரிலை கரடி சுட்டனான்," என்று அவிழ்த்துவிட்டேன். (நுணலும் தன் வாயால் கெடும்.)

அடுத்த நாளே கரடி வேட்டைக்கென்று மேசையில் கனடா வரைபடம் விரிந்தது. வழிகாட்டி கிடையாது. வசந்தத்தில் கரடிகள் குகையை விட்டு வரும் நேரம் பார்த்து, நாங்கள் இருவரும் இடியனோடு போய் இறங்குவது. எங்கே கூடாரம் போடுவது, காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டார். நானும் சளைக்கவில்லை. காட்டுக்குள் நுழையுமுன் இலையோடு ஒரு குழை முறித்து ஐயனாருக்குக் கட்ட வேண்டும் என்றேன். கவனமாக எழுதிக்கொண்டார். அவருடைய சாமான் பட்டியலில், போர்வைக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் ஐயனார் இருந்தார்.

வக்கீலின் மனைவி, சிஞ்ஞோரா, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"அந்தாளுக்கு எழுபத்திரண்டு வயசு. மண்டைக்குள்ளை கரடியை விட்டது நீ. நீயே வெளியிலை எடு. பிறகு உன்ரை மனிசியின்ரை கடிதத்திலை கையெழுத்து வைக்கிறன்."

என் மனைவி மலர் கிளிநொச்சியில் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட, குடியிருக்க இடமுண்டு என்று வீட்டுக்காரர் எழுதித்தர வேண்டும். தோட்டத்து இரண்டு அறைகளும் சிஞ்ஞோராவின் பெயரில் இருந்தன. அன்றே மலருக்கு அழைப்பெடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, கரடியைக் கண்டு சாரத்தை விட்டிட்டு ஓடின ஆள்தானே நீங்கள்? அதையே அவருக்குச் சொல்லுங்கோவன்," என்றாள்.

மானம் விடவில்லை. வேறு வழி யோசித்தேன். இடியனை நிரப்ப நேரம் எடுக்கும். கரடிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதை அவருக்குக் கண்முன்னே காட்டிவிட்டால் போதும்.

"முதல் வெடி தப்பினால் என்ன செய்வியள்? ஒருக்காப் பழகிப் பாப்பம். நான்தான் கரடி," என்று வக்கீலிடம் சொன்னேன். மருந்து போடாமல், சும்மா நடிப்பு என்றுதான் பேச்சு.

பாத்திரம் பொருந்த வேண்டாமா? சிஞ்ஞோராவின் ரோமக் கோட்டை அலுமாரியிலிருந்து கேளாமல் எடுத்து மாட்டிக்கொண்டு, ஏப்ரல் வெயிலில் எலுமிச்சை மரங்களுக்கிடையே நாலுகாலில் பாய்ந்தேன். முதல் தரம் அவர் மருந்துக் குப்பியின் மூடியைத் திறக்குமுன் பிடித்துவிட்டேன். இரண்டாம் தரம் கம்பி பாதி வழியில் நின்றது. மூன்றாம் தரம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வெற்றி மிதப்பில் உறுமினேன்.

மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. நாலாம் தரம் எனக்குத் தெரியாமல் உண்மையான மருந்தையே போட்டிருந்தார். இடித்த கம்பியை வெளியே எடுக்கவும் மறந்திருந்தார்.

வெடித்தது. கம்பி என் தலைக்கு மேலால் பறந்து தண்ணீர்த் தாங்கியைத் துளைக்க, தண்ணீர் அவர்மேல் பீறிட்டது. நான் எப்படி மரத்தில் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. கோட்டின் ஒரு கை மட்டும் கீழ்க்கிளையில் தங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சிஞ்ஞோரா, தொப்பலாக நனைந்து நின்ற கணவரைப் பார்த்தார். பிறகு மரத்திலிருந்த தன் கோட்டைப் பார்த்தார். கடிதம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சிஞ்ஞோரே, நான் கரடி சுடேல்லை. கரடிதான் என்னைக் கலைச்சது."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"உன்னைவிட வேகமோ?"

"ஓம், என்னைவிட வேகம்."

"அப்ப நான் கனடாவிலை மூண்டு தரம் செத்திருப்பன்," என்று துவக்கை மனைவியிடம் நீட்டினார்.

சிஞ்ஞோரா அன்று மாலையே கையெழுத்து வைத்தார். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலர் வந்து இறங்கிய அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

இங்கே பிறந்த எங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் போன வருடம் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். அம்மாவை நிலத்திலும் என்னை மரத்திலும் வரைந்திருந்தாள். ஏன் என்று ஆசிரியை கேட்டாராம்.

"பப்பா மரத்திலை ஏறினபடியாலைதான் அம்மா இஞ்சை வந்தவ," என்றிருக்கிறாள்.