நின்றுகொண்டே ஓடிய மோட்டார்

அவசரத்தில் செய்கிற தப்பைவிட பக்தியோடு செய்கிற தப்பு அதிக தூரம் போகும். நான் செய்தது இரண்டாவது வகை.

பிள்ளைகளே, உத்திரமேரூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நான் கூலிக்கு இருந்தேன். (படிப்பு ஐடிஐ. மீதி வீடியோ பார்த்துக் கற்றது.) வயல் மோட்டாரைக் குறித்த நேரத்தில் நிறுத்தி, போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி ஒன்று செய்தேன். ஹார்டுவேர் கடை ரகீம் பாய், "என் நெலத்துல ஒய்ங்கா வேல செஞ்சா கடையில வெச்சி விக்கிறேன் குமாரு" என்றார். விற்றால் சொந்தத் தொழில். இல்லையென்றால் ஆயுசுக்கும் காயில்.

பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு நாம் எழுதுவது புரியாது. புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். யாரோ முன்பே மாற்றி வைத்த வேலைத் துண்டுகள் லைப்ரரி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாக இருக்க வேண்டும். (இதை இப்போது சுலபமாகச் சொல்கிறேன்.)

ஆயுத பூஜைக்குக் கடையில் எல்லோரும் ஸ்பேனரைத் துடைத்தார்கள். நான் லேப்டாப்பைத் துடைத்து, சுத்தத்தோடு சுத்தமாகக் கம்பைலரையும் புதுசாக்கினேன். லைப்ரரி பழசாகவே இருந்தது. மறுநாள் புரோகிராமை மாற்றும்போது திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. சிவப்பு வந்தால்தான் தப்பு, மஞ்சள் மங்களகரம், அதுவும் பூஜைக்கு மறுநாள் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பாய் நிலத்தில் அன்று காலைதான் நாற்றங்காலில் முளைகட்டிய விதை நெல் தூவியிருந்தார்கள். பாய் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பத்து நிமிஷத்தில் நிறுத்துவது என் பெட்டியின் பொறுப்பு. நாங்கள் நாஷ்டாவுக்குப் போனோம். இரண்டாவது இட்லியில் செய்தி வந்தது: 'மோட்டார் நின்றது.'

"பாத்தீங்களா பாய்" என்று வடை சொன்னேன். அப்புறம் டீ.

திரும்பி வந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் ஏரியாகி, விதையெல்லாம் ஒரு மூலையில் மிதந்தது. பாய் போனைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாபா, நின்னுக்கினே ஓடுதா?"

எதை அணைப்பது என்ற எண்ணைப் புதுக் கம்பைலர் ஒரு இடத்தில் வைத்திருக்கிறது. பழைய லைப்ரரி வேறு இடத்தில் தேடியிருக்கிறது. செய்தி அனுப்பும் பகுதி மட்டும் லைப்ரரி இல்லாமல் முழுக்க நான் எழுதியது. அது பொய்யைக்கூட நேரம் தவறாமல் அனுப்பியது.

புது விதை வாங்கி நானே தூவினேன். பெட்டியையும் சரிசெய்தேன். பாய் அசையவில்லை. "மொதல்ல ஒன் வூட்ல ஒரு வருஷம் ஓட்டு. அப்பால பாக்கலாம்."

ஓட்டினேன். இன்று பெட்டி பாய் கடையில் விற்கிறது. ஆனால் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று என்று நான் சொன்னால், என் மனைவி செல்வி, "பண்ணிட்டீங்களா, பண்ணதா சேதி மட்டும் வந்துச்சா?" என்கிறாள். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டால், என் மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்கிறாள்.

"சேதி வந்துட்ச்சி நைனா."