விசிலுக்காகக் கட்டிய பல்

பாடியில் இருக்கும் அன்பு மச்சான் டில்லிபாபுவுக்கு, கோவில்பதாகையிலிருந்து உன் அக்கா புருஷன் துலுக்கானம் சொல்லச் சொல்ல, மருமகள் காவ்யா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா நாகவல்லியும் புறாக்களும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மிச்சப் பற்களும் சௌக்கியமாக இருக்க திருவேற்காட்டு அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

ஆடுகிற பல்லை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்று போனில் கேட்டாய். போன்ல சொன்னா பாதியிலே வெச்சிடுவே. கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சித்தான் ஆவணும்.

எனக்கு முன்பல் ரெண்டும் விழுந்தது உனக்குத் தெரியும். சோறு திங்கறதுக்கு அது ஒரு குறையே இல்ல. ஆனா ரெண்டு விரலை வாயில வெச்சா விசில் வரல, புஸ்ஸுனு காத்துதான் வருது. வானத்துல குட்டிக்கரணம் போடற என் கர்ணப்புறா மைக்கண்ணி மேலயே சுத்திக்கினு கீது, எறங்க மாட்டேங்குது. பின்னாடி தெரு பக்தவத்சலம் எப்படா தன் மாடில எறங்கும்னு பாத்துகினு கீறான். எறங்கின புறா எறங்கின ஊட்டுக்குத்தான் சொந்தம், புறா வளக்கறவன் எல்லாருக்கும் அதானே சட்டம். அதுக்குப் பயந்துதான் ஆவடியில பல் டாக்டர் கிருஷ்ணப்பிரியா கிட்ட போனேன்.

அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லிச்சு. சொத்தைன்னா சுரண்டி அடைக்கலாமாம். சொத்தை உள்ளே நரம்பு வரைக்கும் போயிட்டா வேரைச் சுத்தம் பண்ணி மேல தொப்பி போடணுமாம். பல்லே இல்லேன்னா கழட்டி மாட்டுற செட்டு ஒண்ணு. இல்ல, தாடை எலும்புல ஸ்க்ரூ முடுக்கி, அது எலும்போட ஒட்டிக்கிற வரைக்கும் மாசக்கணக்கா காத்திருந்து பல்லு வைக்கலாம். இல்லாட்டி பக்கத்துப் பல்லு ரெண்டையும் ராவி, தூணாக்கி, நடுவுல பிரிட்ஜு. நம்ம பாடி மேம்பாலம் மாதிரியாம்மான்னு கேட்டேன். ஆமாம், ஆனா லாரி வுடக் கூடாதுன்னு சிரிச்சிச்சு. எலும்புல ஆணி எப்படிம்மா புடிக்கும், வேரை எடுத்தா பல்லு செத்துப்போயிடாதான்னு நான் கேட்டுகினே இருந்தேன். வெளியில ஆளுங்க சேர்ந்துட்டாங்க. கடைசியா, எதுல விசில் வரும்னேன்.

"தாத்தா, எல்லாரும் கறி கடிக்கலாமான்னுதான் கேப்பாங்க" என்றது.

அவசரம்னு செட்டே மாட்டிக்கினு வந்தேன். மாடி ஏறி மைக்கண்ணியைப் பாத்து மூச்சைப் புடிச்சி ஊதினேன். விசில் வரல, செட்டுதான் போச்சு. பறந்துபோய் பக்தவத்சலம் மாடில விழுந்துச்சு. போய்க் கேட்டா, கையில வெச்சிக்கினு திருப்பித் திருப்பிப் பாக்கறான்.

"எங்க மாடில எறங்கிச்சு, அண்ணாத்தே. சட்டம் உனக்குத் தெரியாதா?"

"அது புறாவுக்குடா."

"மேல பறந்து வந்துச்சா இல்லியா?"

மைக்கண்ணியைக் குடுத்துட்டு பல்லை எடுத்துக்கோன்றான். பல்லே வாணாம்னு வந்துட்டேன். மறுபடி டாக்டர் கிட்ட போய் பிரிட்ஜு கட்டிக்கினேன். கழட்ட முடியாது பாரு. இப்போ விசில் கணீர்னு வருது. நேத்து சாயங்காலம் ஊதினேன், மைக்கண்ணி நேரா நம்ம மாடில எறங்கிச்சு. அதனால நீயும் யோசிக்காம பிரிட்ஜே கட்டிக்கோ.

உனக்கும் உன் வீட்டாருக்கும் அம்மன் நல்ல ஆயுளும், கடிக்க வாய்க்கு வலுவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
துலுக்கானம்

பின்குறிப்பு: காவ்யா கடுதாசியை மடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு. இப்போதான் மைக்கண்ணி எறங்கிச்சு, நான் ஊதவே இல்ல, காபி குடிச்சிகினு இருந்தேன். எட்டிப் பாத்தா உன் அக்கா மாடிப்படியில நின்னு புறாவுக்குப் போடற கம்பு டப்பாவை ஆட்டிக்கினு கீறா. இன்னாடி இதுன்னேன். எப்பவும் ஆட்டுறதுதானாம். "நீ விசில் அடிச்சா அது பயந்து இன்னும் மேல போவுது. எறக்கறதுக்குள்ள எனக்குக் கை வலிக்குது" என்கிறாள். நீ எந்தப் பல்லும் கட்டறதுக்கு முன்னாடி அவளைக் கேட்டுக்கோ.