லத்தீன் அண்ணை வாசிக்க மறுத்த நாலு தாள்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற தமிழர்களுக்குள், பல நூற்றாண்டுகளுக்கு முன் செத்தவர்களோடு தினமும் சண்டை பிடித்த ஒரே ஆள் எங்கள் லத்தீன் அண்ணைதான். உயிரோடு இருப்பவர்களோடு சண்டை பிடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

எனக்கும் அவருக்கும் ஒரு பழைய மடத்தின் நூலகத்தில் துப்புரவு வேலை. தரை எனக்கு, அலுமாரித் தூசி அவருக்கு. அங்கே வயதான ஒரு இத்தாலிய அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்போம், பழைய லத்தீன் சுவடிகளுக்கு விபரப்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். எத்தனை தாள், எந்தக் கதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, புழு எவ்வளவு தின்றது எல்லாம் எழுத வேண்டும். பாவம், அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலை அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு தலைப்பைச் சத்தமாக வாசித்தார்: "பாவிகளின் மோரெஸ்."

பின்னால் தூசி தட்டும் தும்புத்தடியோடு நின்ற அண்ணை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மோரெஸ் இல்லை, சிஞ்ஞோரா. மோர்தெஸ். நடுவில் ஓர் எழுத்து மங்கிவிட்டது."

மோரெஸ் என்றால் நடத்தைகள். மோர்தெஸ் என்றால் சாவுகள்.

சிஞ்ஞோரா திரும்பி முதலில் தும்புத்தடியைப் பார்த்தார், பிறகுதான் ஆளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் கத்தோலிக்கச் சுவாமியாராகப் படித்து, முடிய ஒரு வருடம் இருக்கையில் ஓடிப்போய்க் கலியாணம் கட்டியவர் அண்ணை என்று அன்றுதான் எனக்கும் தெரியவந்தது. அடுத்த நாளே மேசையருகே அவருக்கு ஒரு கதிரை போட்டார்கள்.

"தூசியும் இனி உன்ரை பொறுப்புத்தான் தங்கச்சி" என்று அண்ணை தும்புத்தடியை என் கையில் தந்தார்.

அந்தச் சுவடி, பிரசங்கம் வைக்கிறவர்களுக்காகத் தொகுத்த நீதிக்கதைகள். எந்தக் கதையைத் திறந்தாலும் கடைசியில் ஒருவர் செத்துக் கிடப்பார். அண்ணை வாசிப்பார், சிஞ்ஞோரா கணினியில் தட்டுவார், இடையிடையே எனக்கும் செய்தி வரும்.

"இஞ்சை கேள். பூசையிலை கொட்டாவி விட்டவனுக்கு வாய் மூடேலாமல் போச்சாம். ஈ உள்ளை போச்சாம். சரி, செத்தாச்சு."

"ஈயோ அண்ணை?"

"அவன்தான். ஈ தப்பீட்டுது."

சுவடியை எழுதியவனையும் விடமாட்டார். "மடையன், ஒரு வரியை முழுங்கிப்போட்டான். சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும்!"

போர்கோ வெக்கியோ சந்தையிலும் லத்தீன்தான். பழைய கணவாய் மீனைப் பார்த்து அவர் லத்தீனில் திட்ட, மீன்காரர் அவரைச் சுவாமியார் என்று நம்பித் தொப்பியைக் கழற்றினார். அடுத்த கிழமை வருத்தக்காரத் தாயைக் கூட்டிவந்து நோய் தீர ஆசீர்வாதம் கேட்டார். ஒரு கையில் மீன் பையோடு அண்ணை மற்றக் கையால் சிலுவை அடையாளம் போட்டார்.

"பொய்யெல்லோ அண்ணை?"

"அந்த மனுசி சிரிச்சதெல்லோ. அது பொய்யே?"

மாரிகாலத்தில் ஒரு நாள் அண்ணை வாசிப்பை நடுவில் நிறுத்தினார். "இந்த நாலு தாளும் ஈரத்தில் ஒட்டிவிட்டன, சிஞ்ஞோரா. பிரித்தால் கிழியும்." சிஞ்ஞோரா அப்படியே பதிந்தார். அன்று அண்ணை எவரையும் திட்டவில்லை. சாப்பாட்டுப் பெட்டியையும் திறக்கவில்லை.

பட்டியலை மடத்துக்குக் கொடுக்கும் முன் சிஞ்ஞோரா தாள்களை விரலால் தடவி எண்ணினார். ஒட்டியதாக எழுதிய நாலும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. அவர் கை நின்றது.

"உம்மைத்தான் என் கண்ணாக வைத்திருக்கிறேன். நீர் பொய் சொன்னால் நான் முழுக் குருடி."

அண்ணை கதிரையை இழுத்து உட்கார்ந்து அந்தக் கதையை நிறுத்தாமல் வாசித்தார். பிறகு இத்தாலியனில் சொன்னார். துறவியாவதாக வாக்குக் கொடுத்த ஒருவன் அதை மீறிக் கலியாணம் செய்கிறான். கடவுள் அவனுடைய சின்ன மகளை நெருப்பில் எடுத்துக்கொள்கிறார். தகப்பன்மாருக்கு இதை உரக்கச் சொல்லவும் என்று அடியில் ஒரு குறிப்பு.

அண்ணையின் மகள் வன்னியில் போரின் கடைசி மாதங்களில் பங்கர்க் குழிக்குள் செத்தவள். எட்டு வயது. அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அவ்வளவு எனக்குத் தெரியும். தெரியாததை அன்று சொன்னார்: பிறகு அகதி முகாமில் அவருடைய சொந்தத் தமையனே, குருமடத்தை விட்டு ஓடியதற்குத்தான் கடவுள் பிள்ளையை எடுத்தார் என்று, இதே கதையை, ஒரு சொல்லும் லத்தீன் தெரியாமல், அவர் முகத்துக்கு நேரே சொன்னாராம்.

தாளுக்குத் தாள் சிலுவை போடுகிற சிஞ்ஞோரா இந்தத் தாளைக் கையால் மூடினார். பிறகு, "இது சுவடியில் இருக்கிறது. இருக்கிறதை எழுதாமல் விட முடியாது. நம்பச் சொல்லி உம்மை யாரும் கேட்கவில்லை" என்றார்.

"எழுதுங்கள்" என்றார் அண்ணை. தொடக்க வரி, முடிவு வரி, தாள் எண் எல்லாம் சொன்னார். நான் தரை துடைக்கும் மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.

"மகளின் பெயர் என்ன?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"நிரோஜா."

சரியாக வரும்வரை சிஞ்ஞோரா அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

பட்டியல் அச்சாகி அடுத்த வருடம், பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணை போய்விட்டார். இறுதிப் பூசைக்கு சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போது அவருக்குக் கண் ஒன்றுமே தெரியாது. பூசை தொடங்கும் முன் சுவாமியாரைத் தேடிப் போனார்.

"இன்று பிரசங்கம் வேண்டாம், சுவாமி. இவர் போதுமான அளவு கேட்டுவிட்டார்."

சுவாமியார் பிரசங்கம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் துடைத்துவிட்டுப் போகிற ஈரத்தில் மிதித்துக்கொண்டுதான் அண்ணை எப்போதும் மேசைக்குப் போவார், நான் கத்துவேன். அன்று தரை ஒரு அடிச்சுவடும் இல்லாமல் காய்ந்தது. காய்ந்து முடியும்வரை நான் வாளியோடு அங்கேயே நின்றேன்.